பிள்ளைகள் கொண்டுவரும் கீரை விதை: ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை மாலை உங்கள் பிள்ளையின் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். உள்ளே கடுகைவிடச் சிறியதாக, பளபளவென்று கருப்பாக இருப்பது சிறுகீரை விதை. அஞ்சறைப் பெட்டியில் கொட்டிவிடாதீர்கள். போன வருடம் ஒரு வீட்டில் அது தாளிப்பில் போய்விட்டது.

அறிவியல் பாடத்துக்காக ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒரு தொட்டிக் கீரை வளர்க்க வேண்டும். "ஆடிப்பட்டம் போய்விட்டதே" என்று ஒரு அப்பா கேட்டார். கீரைக்குப் பட்டம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால்தான் பொங்கல் முடியட்டும் என்று காத்திருந்தோம். இன்னொன்று: 'ஸ்பினாச்' என்றால் பசலை என்று பிள்ளைகள் நோட்டில் எழுதியிருந்தார்கள். திருத்திவிட்டோம். அது பாலக். பசலை கொடியாகப் படர்கிற வேறு செடி. பாலக் குளிர் விரும்பி. நம் ஊர் வெயிலுக்குச் சிறுகீரைதான் தோது.

தொட்டி விலைக்கு வாங்க வேண்டாம். ஓட்டை வாளி, அரிசிச் சாக்கு, மீன் கடைத் தெர்மோகோல் பெட்டி எதுவானாலும் சரி. அரை அடி ஆழமும் அடியில் தண்ணீர் வடிய நாலு துளையும் இருந்தால் போதும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய சாணி எரு. நாளுக்கு நாலைந்து மணி நேரம் வெயில் படுகிற இடமாக வையுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் நிற்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும், தட்டே வேண்டாம்.

பெரும்பாலும் தவறு நடப்பது விதைக்கும்போதுதான். ஓர் ஏக்கருக்கே ஒரு கிலோ விதை போதும் என்றால், ஒரு வாளிக்கு எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு விரலால் எடுக்கிற சிட்டிகைதான். பள்ளித் தொட்டியில் நானே கை நிறைய அள்ளித் தூவி, முடி முளைத்த மாதிரி நெருக்கமாக வந்து, அத்தனையும் சோனியாகிச் சாய்ந்தது. சிட்டிகை விதையை ஒரு பிடி காய்ந்த மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள். மேலே மெல்லிசாக மண் தூவினால் போதும், புதைக்கக் கூடாது. பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டு அதில் தண்ணீர் தெளிக்கட்டும். குடத்தால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலையில் சேர்ந்துவிடும்.

அடுத்த எதிரி எறும்பு. ஒரே ராத்திரியில் விதையைத் தூக்கிப் போய்விடும். தொட்டியை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு கை நொய் போட்டால் அதன் பின்னால் போகும். உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டால் இதைவிட நல்ல வழி சொல்லக்கூடும்.

மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் முளைக்கும். பத்தாம் நாள் நெருக்கமானவற்றைப் பிடுங்கி, மூன்று விரல் இடைவெளி விட வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் அழுவார்கள்; முளைத்ததைப் பிடுங்க மனசு வராது. பிடுங்கியதை அலசிப் பருப்பில் போட்டுக் கொடுங்கள், சமாதானமாகிவிடுவார்கள். இலையில் ஓட்டை விழுந்தால் அடியில் புழு இருக்கும். கையால் எடுத்தால் போதும். மருந்து எதுவும் அடிக்காதீர்கள்.

இருபத்தைந்து, முப்பது நாளில் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் இரண்டு விரல் உயரம் விட்டுக் கிள்ளினால் கணுவில் மறுபடி தளிர்க்கும். கீரையை ராத்திரியில் சமைப்பதில்லை என்பது பல வீட்டு வழக்கம், ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும். ஒரு தொட்டிக் கீரை வந்துவிட்டது என்று, பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

இனி முக்கியமான வேண்டுகோள். தொட்டி பிள்ளையுடையது, நீங்கள் கை வைக்காதீர்கள். தண்ணீர் ஊற்ற மறந்தால் ஒருமுறை நினைவுபடுத்தலாம், நீங்களே ஊற்றக் கூடாது. போன வருடம் ஒரு தொட்டியில் கீரை கம்பீரமாக நின்றது. தொட்டுப் பார்த்தால், சந்தையில் வாங்கிய கட்டைப் பிரித்துச் செருகியிருந்தார்கள். ஒரு தண்டில் கட்டிய வாழைநார்கூட அப்படியே இருந்தது. அந்தப் பிள்ளை தலை குனிந்து நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முளைக்கவில்லை என்றால், என்றைக்கு விதைத்தோம், எத்தனை நாள் பார்த்தோம், மண்ணைக் கிளறினால் என்ன இருந்தது என்று எழுதிவந்தால் போதும். அதற்கும் முழு மதிப்பெண் உண்டு.

பிப்ரவரி கடைசி வாரம் நோட்டை மட்டும் கொடுத்தனுப்புங்கள், தொட்டியைத் தூக்கிவர வேண்டாம். மாடியோ வாசலோ இல்லாத வாடகை வீட்டுக்காரர்கள் தயங்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். சத்துணவுக் கூடத்துப் பின்சுவர் ஓரம் பத்துத் தொட்டிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்