கோர்பசேவ் பற்றி நீ எழுதியதற்குப் பதில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்பது சந்தோஷம், ஆனால் அதற்காக மாடிப்படி ஏறக் கிளம்பிவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரன் கல்லூரியில் வரலாறு எடுத்திருக்கிறான், அவன் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நான் மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சோவியத் யூனியன் என்ற கட்டிய வீட்டைக் கொளுத்திவிட்டு நோபல் பரிசு வாங்கிக்கொண்டு போன ஆள் என்று அதன் கடைசித் தலைவர் கோர்பசேவை ஒரே வரியில் முடித்துவிட்டாய். உன் கோபம் புரிகிறது, ஒத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

சமாதானத்தில் அவர் பேச்சோடு நிற்கவில்லை. 1987 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ரீகனோடு போட்ட ஒப்பந்தப்படி, 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும் தரை ஏவுகணைகள் இரண்டு பக்கமும் சேர்த்து 2,692 அழிக்கப்பட்டன. அதில் சோவியத் கணக்கு அமெரிக்கக் கணக்கைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், உடனே ஏமாந்த சோணகிரி என்பாய். ஆனால் மேற்கு ஜெர்மனியில் கிளம்பினால் சில நிமிடங்களில் சோவியத் மண்ணில் விழக்கூடிய பெர்ஷிங்-2 ஏவுகணைகள் போனதும் அதே ஒப்பந்தத்தில்தானே? (2019-இல் அந்த ஒப்பந்தத்தையே குப்பையில் போட்டுவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.) அதற்கும் முன்பே, 1986 நவம்பரில் டெல்லியில் ராஜீவ் காந்தியோடு சேர்ந்து, அணு ஆயுதமற்ற, வன்முறையற்ற உலகம் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளர் ஒருவர் வன்முறையின்மையைக் கொள்கையாக எழுதித் தருவது லேசான காரியமா, சொல். 1968-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் சீர்திருத்தத்தை நசுக்க பிராகுக்குள் போன சோவியத் டாங்கிகள், 1989-இல் அங்கே மக்கள் திரண்டபோது முகாமை விட்டு நகரவில்லை. பிராக் வசந்தம் என்ற அந்தச் சீர்திருத்தத்தின் தலைவர்களில் ஒருவரான ம்லினார்ஷ், மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இவரோடு சட்டம் படித்த நண்பர் என்பதையும் மறந்துவிடாதே.

ஜனநாயகத்தில்தான் எனக்கு அவரோடு சண்டை. ஆரம்பம் என்னவோ அற்புதம். அரசை எதிர்த்துப் பேசியதற்காகக் கோர்க்கி நகரில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த விஞ்ஞானி சகாரவ் வீட்டுக்கு 1986 டிசம்பரில் ஒரு ராத்திரி ஆட்கள் வந்து தொலைபேசி மாட்டிவிட்டுப் போகிறார்கள், மறுநாள் அதில் கூப்பிட்டு மாஸ்கோவுக்குத் திரும்பி வரலாம் என்று சொன்னது கோர்பசேவேதான். அதே சகாரவ் 1989-இல் மக்கள் பிரதிநிதியாகி, நாடே தொலைக்காட்சியில் பார்க்கிற மக்கள் பிரதிநிதிகள் பேராயத்தில் (புதிய நாடாளுமன்றம்) பேச, நேரம் போதும் என்று மைக்கை நிறுத்தியதும் இதே கோர்பசேவ்தான். மனுஷன் முழுக்க அதில் இருக்கிறார்.

ஜனநாயகம் இல்லாவிட்டால் சோஷலிசமே இல்லை என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அதுதான். ஆனால் அந்த மருந்தை அவரே குடிக்கவில்லை. பேராயத்தின் 2,250 இடங்களில் கட்சிக்கென்று ஒதுக்கிய 100-இல் ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வந்தார். 1990 மார்ச்சில் ஜனாதிபதி ஆனதும் பேராயத்தின் ஓட்டில், மக்கள் ஓட்டில் அல்ல. அவருடைய போட்டியாளர் யெல்த்சினோ 1989-இல் மாஸ்கோ தொகுதியில் நின்று அமோகமாக ஜெயித்தார், 1991 ஜூனில் ரஷ்ய ஜனாதிபதியாகவும் நேரடித் தேர்தலில் வந்தார். அப்புறம் கட்சியின் பழமைவாதிகள் கோர்பசேவைக் கவிழ்க்கப் பார்த்த ஆகஸ்ட் கலகம் முடிந்து, யார் பெரியவர் என்ற கேள்வி வந்தபோது, ஒருவர் கையில் கோடிக்கணக்கான ஓட்டு, இன்னொருவர் கையில் பதவி மட்டும். டிசம்பர் 25-ஆம் தேதி கோர்பசேவின் ராஜினாமாவில் முடிந்தது. 1990-இல் துணிந்து மக்களிடம் போயிருந்தால், கடை அலமாரிகள் காலியாகிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், ஜெயித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நீ சதியைத் தேடுகிறாய், எனக்குத் தெரிவது இந்தத் தயக்கம். 1991 ஜனவரியில் லிதுவேனியாவின் தலைநகர் வில்னியூஸில் சோவியத் டாங்கிகள் மக்கள்மேல் பாய்ந்ததைச் சொல்லி மடக்குவாய், மடக்கு. அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். மற்றதற்கெல்லாம் ஆதாரத்தோடு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்