ஐந்தாவது விதி

மயிலாடுதுறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியமா? இங்கே நானும் அம்மாவும் நலம். புத்தக அலமாரிக்குத்தான் உடம்பு சரியில்லை.

"பாதியையாவது பழைய பேப்பர்காரரிடம் போடுங்கப்பா" என்று போன வாரம் போனில் சொன்னாய் அல்லவா, அம்மா அதைக் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி பிடித்துக்கொண்டாள். பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க ஆள் வருகிறது, அதற்குள் கூடம் காலியாக வேண்டுமாம். மளிகைக் கடையில் மூன்று அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி வந்தேன். 'கொடுக்க', 'வைக்க', 'யோசிக்க' என்று மேலே எழுதினேன். நாலு நாளாக 'யோசிக்க' பெட்டி மட்டும் வழிகிறது.

முதலில் கையில் வந்தது உன் பாட்டி பைண்டு பண்ணி வைத்த பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, ஊசிநூலால் தைத்து, மைதாப் பசை தடவி அட்டை போட்டது. ஓவியர் மணியம் படங்களோடு இருக்கிறது. அத்தியாயம் முடிகிற இடத்தில் தலைவலித் தைலம் விளம்பரம். பாதி துணுக்கு வேறு, மறுபாதி அடுத்த பக்கத்தில் போய்விட்டதால் அந்த ஜோக்குக்கு முடிவே தெரியாது. பசைக்கு ஆசைப்பட்டு ராமபாணப் பூச்சி வந்துவிட்டது. ஏழு மராமரத்தைத் துளைத்த அம்பு மாதிரி அட்டையில் புகுந்து, நந்தினியின் கண் வழியாகப் போய், இரண்டு அத்தியாயம் தாண்டி வெளியே வந்திருக்கிறது. நம் வீட்டில் அதை இவ்வளவு வேகமாகப் படித்தவர்கள் யாரும் இல்லை. வேப்பிலையும் வசம்பும் வைத்து மூடினேன். 'வைக்க'.

அடுத்தது ஒரு துப்பறியும் நாவல். முதல் பக்கத்திலேயே பென்சிலால் "கொலைகாரன் டாக்டர்" என்று உன் சித்தப்பா எழுதி வைத்திருக்கிறான். அந்தக் கடுப்பில் முப்பது வருஷமாக நான் அதைத் தொடவே இல்லை. கொடுப்பதற்கு முன் ஒரு தடவை பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். பாப்பா, கொலைகாரன் டாக்டர் இல்லை! அந்த டாக்டர் ஐந்தாவது அத்தியாயத்திலேயே செத்துப்போகிறார். படுபாவி பொய் எழுதியிருக்கிறான். பொங்கலுக்கு அவன் வரும்போது சாட்சிக்கு வேண்டும், அதனால் இதுவும் 'வைக்க'.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனைத் துணைக்கு அழைத்தேன். நம் சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர், என்னைப் போலவே கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் வேலைக்குப் போனவர், வேலையே இல்லாமல் சும்மா உட்கார முடியவில்லை, திரும்பக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவே போகிறேன் என்றாராம். அப்படிப்பட்டவர் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். ஐந்தாவது விதி: நூலகம் ஒரு வளரும் உயிரி. "வளர்கிற உயிரை வெட்டலாமா?" என்று கேட்டேன். "முதல் விதி என்ன?" என்றாள். புத்தகம் பயன்படுத்துவதற்கே. சொல்லியிருக்கவே கூடாது. அன்றைக்கே பதினொரு புத்தகம் 'கொடுக்க' பெட்டிக்குப் போயின. ஆனால் அதிலிருந்த சமையல் புத்தகம் மறுநாள் அவள் தலையணைக்கு அடியில் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. குடும்பம் நடக்க வேண்டும்.

அப்புறம் உன் சங்கதி. கீழ்த்தட்டில், உன் ஏழாம் வகுப்பு அட்லஸுக்குள் கிளை நூலகப் புத்தகம் ஒன்று கிடந்தது. முத்திரை அப்படியே இருக்கிறது, திருப்ப வேண்டிய தேதி 1998. வீட்டு வரியோடு நூற்றுக்குப் பத்து நூலக வரி கட்டுகிறவன் நான், அதில் ஒரு புத்தகம் நமக்குச் சேராதா என்று மனசு வாதாடிப் பார்த்தது. வாத்தியார் மனசு ஒப்பவில்லை. துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் உன் வயதுதான் இருப்பாள். தேதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மெதுவாப் படிப்பீங்களா சார்?" என்றாள். மகள் என்று உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தலையை ஆட்டிவிட்டேன். திரும்பும்போது பையில் இரண்டு புத்தகம் இருந்தன. அம்மாவிடம் சொல்லாதே.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு வந்தபோது என் மேசையில் பாதி படித்து வைத்திருந்த நாவலை ரயிலில் படிக்க என்று எடுத்துப்போனாயே, உள்ளே கும்பகோணம் பஸ் டிக்கெட் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிடாமல் அப்படியே பார்சலில் அனுப்பு. நீ முடித்திருந்தாலும் முதல் பக்கத்தில் ஒன்றும் எழுதாதே.

அன்புடன்,
அப்பா