மாப்பிள்ளைக்கு, வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியைப் பற்றி

மாப்பிள்ளை,

வெள்ளிக்கிழமை ராத்திரி லாரி டிரிப் உங்களுக்கு வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். நேரில் வந்து சொன்னால் "சரி, விடுங்க மச்சான்" என்று எழுந்து போய்விடுவீர்கள். என் தங்கை நம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதனால் எழுதுகிறேன். வார வேலை போக மிச்ச நாளில் லாரி ஓட்டலாமா என்று இன்னும் சிலரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன். வீட்டு விஷயம் எதையும் இங்கே எடுக்கப்போவதில்லை. பணம் எதற்கு என்பது நமக்குத் தெரியும், அது போதும்.

வேண்டாம் என்றது ராத்திரி வண்டியை மட்டும். சனிக்கிழமை பகல் வண்டிக்கு, தாராளமாகக் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். ராத்திரி டிரிப்புக்குப் படி கூட வரும், அது போச்சே என்று உங்களுக்கு இருக்கும். இருக்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறீர்கள். பகல் முழுக்க உங்கள் வேலை. ராத்திரி பத்து மணிக்கு லோடு ஏறி வண்டி கிளம்பும்போதே விழித்துப் பதினாறரை மணி நேரம் ஆகிவிட்டது. 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடையதைப் போலத்தான் வேலை செய்யும் என்று 1997லேயே சோதித்துக் காட்டிவிட்டார்கள். பல நாடுகளில் அந்த அளவுக்கு மேல் இருந்தால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. குடிக்கிற பழக்கமே இல்லாத நீங்கள் கேட்டைத் தாண்டிய அரை மணியில் அங்கே போய் நிற்பீர்கள். அதற்குப் பிறகுதான் அதிகாலை இரண்டு முதல் ஐந்து மணி வருகிறது. அந்த நேரத்தில் பகலில் நன்றாகத் தூங்கினவனுக்கே உடம்பு அடங்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர். நாலு நொடி கண் சொக்கினால் கிட்டத்தட்ட 90 மீட்டர் வண்டி தானாகப் போயிருக்கும். சொக்கினதே உங்களுக்குத் தெரியாது என்பதுதான் அதில் மோசம்.

கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வேன், பாட்டுப் போட்டுக்கொள்வேன் என்றீர்கள். இரண்டும் சில நிமிடத்துக்கு மேல் தாங்காது. காபி தாங்கும், ஆனால் ஏற அரை மணி ஆகும். ஓரம் கட்டி, காபியைக் குடித்துவிட்டு உடனே 15, 20 நிமிடம் படுத்தால் எழும்போது காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். அதற்கு மேல் படுத்தால் எழுந்து கால் மணி நேரத்துக்கு மந்தமாகவே இருக்கும், அந்த மந்தத்தோடு கியரைப் போடக்கூடாது. இந்த வித்தையும் ஒரு இரவைச் சமாளிக்க ஒருமுறை. வாராவாரம் வெள்ளிக்கிழமைக்கு இதையே நம்பினால் ஒரு நாள் ஏமாற்றும்.

பகுதிநேரம்தானே, வாரத்துக்கு ஒரு டிரிப்தானே என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. நாலு பேர் முன்னால் குரல் உயர்ந்துவிட்டது, அதற்கு மன்னிப்பு. கோபத்தின் காரணம் மட்டும் அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவர் வேறு எந்த இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தாலும் அந்த நேரமும் அவருடைய பணிநேரக் கணக்கில் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் மற்ற வேலையைப் பதிவுசெய்துதான் ஆகவேண்டும், நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியும் ஆகவேண்டும். இந்தியாவின் 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றுதான் இருந்தது. இவற்றில் எந்தச் சட்டமும் ஓட்டின மணியை மட்டும் எண்ணி நிறுத்தவில்லை. நீங்கள்தான் ஓட்டுகிற மணியை மட்டும் எண்ணுகிறீர்கள்.

இதையெல்லாம் எழுதும்போது திரும்பத் திரும்ப, அந்த லாரியின் ஏர் பிரேக்கை நாம் இரண்டு பேரும் சோதித்துப் பார்த்த யார்டுதான் கண்ணில் நிற்கிறது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். இன்ஜினை ஓடவிட்டு, காற்றழுத்தம் காட்டும் முள் 120 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) தொட்டு, போதும் என்று காற்றேற்றத்தை நிறுத்தும் கவர்னர் 'புஸ்' என்று விட்டதும் அணைத்தோம். சாவி ஆனில், ஹேண்ட் பிரேக் எடுத்தாயிற்று. முள் நிலைக்கு வந்தபிறகு ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். டிரெய்லர் இல்லாத வண்டியில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக்கூடாது. அதில் தப்பில்லை, நன்றாகவே நின்றது. அடுத்தது பெடலை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு நிமிடம். மிதித்ததும் முள் ஒருமுறை சட்டென்று விழும், அதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. அங்கிருந்து 3 பி.எஸ்.ஐ. வரை இறங்கலாம். இருபது நொடியிலேயே 4 போய்விட்டது. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஓட்ட ஆரம்பிச்சா காத்து ஏறிடும் மச்சான்."

ஏறும்தான். நீங்கள் சொன்னது பொய்யில்லை. இன்ஜின் ஓடுகிறவரை, காற்றை ஏற்றுகிற கம்பிரசர் அந்தக் கசிவை மூடி மறைத்துக்கொண்டே வரும். சமதளத்தில் நூறு கிலோமீட்டர் போனாலும் தெரியாது. இறக்கத்தில், லோடோடு, அடிக்கடி மிதிக்கும்போதுதான் தெரியும். போகிற காற்று வருகிற காற்றைவிட அதிகமாகிவிடும். 60 பி.எஸ்.ஐ. பக்கம் வரும்போது பஸ்ஸர் கத்தும். அதையும் விட்டால் 45க்கும் 20க்கும் நடுவில் எங்கோ ஸ்பிரிங் பிரேக் தானாக விழுந்து பின்சக்கரத்தை இறுக்கிவிடும். எந்த வளைவில் விழும் என்பது அப்போது உங்கள் கையில் இல்லை.

ஆனால் அடுத்து நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். நான் பெடலை மிதித்துப் பிடித்திருந்தேன். சோப்புத் தண்ணீர் எடுத்து வரச் சொன்னேன். நீங்கள் எடுக்கப் போகவில்லை, வெறும் காதை வைத்துக்கொண்டு அடியில் நுழைந்தீர்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "இடது பின் சேம்பருக்குப் போற ஹோஸ், சேஸிஸ் விளிம்புல உரசியிருக்கு" என்று குரல் வந்தது. சேம்பர் என்பது காற்றை வாங்கிப் பிரேக்கைத் தள்ளுகிற டப்பா. பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அதே இடத்தில் நுரை பொங்கியது. ரப்பரில் நகம் அளவுக்குப் பளபளவென்று தேய்ந்த தடம், அதன் நடுவில் ஒரு மயிரிழைக் கீறல். கிளாம்ப் கழன்று ஹோஸ் தொங்கியதுதான் காரணம். அந்தக் காது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை மாப்பிள்ளை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. வண்டிக்காரரிடம் இன்று காலை முதலில் சொன்னது அதைத்தான்.

அதே நீங்கள்தான் வீட்டுக்குப் போய் என் தங்கையிடம், உங்க அண்ணன் என்னைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி முட்டி போட வைத்தார் என்று சொல்லியிருக்கிறீர்கள். சரி. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

அந்த வண்டியை முன்பு ஓட்டியவர் ஏன் நின்றார் என்று கேட்டீர்கள். அதையும் இங்கே எழுத முடியாது. ஓட்டத் தெரியாமல் நிற்கவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமைக்கு வருவோம். கையெழுத்துப் போடுமுன் சம்பளத்தை டிரிப் கணக்கில் கேட்காதீர்கள், மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஓட்டுவது ஐந்து மணி நேரம் என்பார்கள். வண்டியைச் சுற்றிப் பார்க்க அரை மணி, லோடுக்குக் காத்திருக்க ஒன்றரை, இறக்கும் இடத்தில் வரிசையில் ஒன்றரை, சீட்டு வாங்கிக் காலி வண்டியை நிறுத்திச் சாவி கொடுக்க அரை மணி. ஒன்பதாயிற்று. சொன்ன தொகையை ஒன்பதால் வகுத்து வருவதுதான் உங்கள் கூலி. காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா, எத்தனையாவது மணியிலிருந்து உண்டு என்பதை எழுதி வாங்குங்கள். டயர் வெடித்தாலோ கண்ணாடி உடைந்தாலோ யார் தலையில் என்பதையும் எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் உங்களைப் போல வாரத்தில் ஒருநாள் ஓட்டுகிறவருக்கும் செல்லுமா என்று பாலிசியைக் கையில் வாங்கிப் படியுங்கள், வாய்வார்த்தை போதாது. லைசென்ஸ் வகுப்பு வண்டி எடைக்குப் பொருந்த வேண்டும். இப்போது பார்க்கிற வேலையின் ஒப்பந்தத்தில் வெளிவேலைக்கு அனுமதி வேண்டும் என்று ஒரு வரி இருக்கலாம். பிறகு தெரிந்து இரண்டும் போகக்கூடாது.

முக்கியமாக, வாராவாரம் ஒரே வண்டியைக் கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் ஓட்டுகிறவருக்கு அன்றைக்கு மிஞ்சிக் கிடக்கிற வண்டியைத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். ஒரு வண்டியின் கிளட்ச் எங்கே பிடிக்கிறது, பிரேக் எவ்வளவு மிதித்தால் கேட்கிறது என்று காலுக்குப் பழகவே நாலைந்து டிரிப் ஆகும். வண்டி மாறினால் முதலில் அதன் உயரத்தைக் கேட்டு டாஷ்போர்டில் எழுதி ஒட்டுங்கள். பாலத்தடியில் போய் யோசிக்கிற விஷயமில்லை அது.

ஐந்து நாள் வேறொருவர் ஓட்டிய வண்டி என்பதால் சீட்டும் கண்ணாடியும் அவர் உயரத்துக்கு இருக்கும். கிளம்பின பிறகு திருத்தக்கூடாது. ஏர் டேங்க்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை விடுங்கள். எண்ணெயும் கலந்து பழுப்பாகக் கொட்டினால் கம்பிரசர் எண்ணெய் தள்ளுகிறது என்று அர்த்தம், சொல்லி வையுங்கள். பின்பக்கம் ஜோடி டயரில் உள் டயர் காற்றிறங்கியிருந்தால் பார்வைக்குத் தெரியவே தெரியாது, வெளி டயர் தாங்கிக்கொண்டு நிற்கும். கம்பியால் தட்டினால் நல்ல டயர் எகிறும், செத்த டயர் 'தொப்' என்னும். சந்தேகம் வந்தால் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். வீல் நட்டிலிருந்து துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்திருக்கிறது. முந்தின நாள் சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்ப முறுக்க வேண்டும். அதைச் செய்தார்களா என்று கேளுங்கள், முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

லோடு மற்றவர்கள் ஏற்றியது என்றாலும் ரோட்டில் அது உங்களுடையது. முன்பக்கம் நகராமல் பிடிக்க சரக்கு எடையில் 80 சதவீதத்தைத் தாங்குகிற அளவுக்குக் கட்டு வேண்டும், பக்கவாட்டிலும் பின்னாலும் எடையில் பாதிக்கு. ஒரு டன் பெட்டிக்கு முன்னால் 800 கிலோ. தார்ப்பாயைப் போர்த்தி அதன் மேல் கயிறு போட்டால் மழை தாங்கும், பெட்டி நகராமல் தாங்காது. முதல் 50 கிலோமீட்டருக்குள் ஓரம்கட்டிப் பட்டையை மறுபடி இறுக்குங்கள். குலுங்கிக் குலுங்கிச் சரக்கு அடங்கியதும் அது தளர்ந்திருக்கும். எடைமேடையில் மொத்த எடையைப் பார்த்துத் திருப்திப்படாமல் அச்சு எடையையும் கேளுங்கள். மொத்தம் சரியாக இருந்து பின் அச்சு மட்டும் மீறுவது சாதாரணமாக நடக்கிறது.

காரில் பழகின காலுக்கு ஒன்று. 80 கிலோமீட்டரில் ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போக ஒன்றரை நொடி, 33 மீட்டர். காற்று குழாயில் ஓடி, சக்கர டிரம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவைத் தள்ள இன்னும் அரை நொடி, 11 மீட்டர். 44 மீட்டர் வரை வண்டி வேகம் குறைய ஆரம்பிக்கவே இல்லை. இறக்கத்தில், இறங்க ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதியில் குறைக்கப் போனால் நியூட்ரலில் மாட்டி, அடுத்த கியர் விழாது. இன்ஜின் புகையை அடைத்து வேகம் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கியரும் பிடித்தது போக மிச்சத்துக்குத்தான் கால். நிர்ணயித்த வேகம் வந்ததும் மூன்று நொடிபோல அழுத்தமாக மிதித்து, எட்டு கிலோமீட்டர் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே வந்தால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவுக்கு எட்டாமல் போகும். பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

நாலு சனிக்கிழமை பகலில் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் ராத்திரி வண்டிதான் வேண்டுமென்றால் நீங்களே வண்டிக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஒரே நிபந்தனை, அந்த வெள்ளிக்கிழமை பகலில் உங்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தூங்கியிருக்க வேண்டும். லீவுச் சம்பளம் போனால் அந்த டிரிப்பில் என்ன மிஞ்சும் என்று என் தங்கையிடம் கேளுங்கள், அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

சனிக்கிழமை சாவி காலை ஆறு மணிக்குத் தருவார்கள். ஹோஸையும் கிளாம்ப்பையும் மாற்றிவிட்டோம் என்கிறார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை. டார்ச் எடுத்துப் போங்கள், இடது பின்பக்கம், சேம்பருக்கு மேலே. அந்த ஒரு நிமிடம் பெடலை மிதித்துப் பிடிக்க ஆள் வேண்டும், ஐந்தே முக்காலுக்கு நான் கேட்டில் நிற்பேன். பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம்.

மச்சான்