எல்லாமே 'நட' தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் ஸ்ட்ரோல், ஸ்ட்ரைட், ட்ரட்ஜ், லிம்ப், சாண்டர் என்று ஆங்கிலச் சொற்களை வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் எதிரே 'நட' என்று அச்சிட்டிருந்தீர்கள். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை அதை அப்படியே உருப்போடும். அப்புறம், போலீஸைக் கண்டு பதறிய திருடன் 'ஸ்ட்ரோல்' செய்தான் என்று கட்டுரையில் எழுதி வைக்கும்.

சாப்பிட்ட பின் காலாற நடப்பதுதான் ஸ்ட்ரோல். எட்டி நடைபோட்டால் ஸ்ட்ரைட். களைத்துப்போய், அல்லது சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து வருவது ட்ரட்ஜ். அதில் உடம்பின் அலுப்போடு மனதின் அலுப்பும் சேர்ந்திருக்கும். லிம்ப் என்றால் நொண்டுவது. இதை 'நட' என்று மட்டும் சொன்னால், கதையில் காலில் அடிபட்டது யாருக்கு என்றே பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும்.

சாண்டர் கொஞ்சம் நுட்பமானது. ஸ்ட்ரோல் போலவே அவசரமில்லாத நடைதான், ஆனால் ஒரு தோரணை உண்டு. மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கடைசி பெஞ்சுக்குப் போகிற பையன் இருக்கிறானே, அவன் செய்வது சாண்டர். ஆசிரியருக்குக் கோபம் வருவது தாமதத்தால் அல்ல, அந்த நடையால்!

சில சொற்களின் பூர்விகமும் பொருளைக் காட்டிக்கொடுக்கும். நிதானமாக நடப்பதைச் சொல்லும் ஆம்பிள் முதலில் குதிரையின் மென்னடையைக் குறித்தது. ஆம்புலன்ஸும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான், இன்று அதன் வேகத்துக்கும் ஆம்பிளுக்கும் ஒட்டே இல்லை. ட்ரெக் தென்னாப்பிரிக்க டச்சு விவசாயிகளின் சொல். 1830களில் அவர்கள் மாட்டு வண்டிகளோடு உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்த நெடும்பயணத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. பூங்காவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு ட்ரெக் போனேன் என்பது கொஞ்சம் அதிகம்.

ஆங்கிலம் நடக்கும் விதத்தை வினைக்குள்ளேயே அடக்கிவிடுகிறது. நாம் அதை வினைக்கு முன்னால் வைக்கிறோம்: நொண்டி நடந்தான், தள்ளாடி நடந்தான், விறுவிறுவென்று நடந்தான். அந்த ஒரு சொல்லையும் சேர்த்து அச்சிட்டால் போதும், இடம் ஒன்றும் பெரிதாகக் கூடிவிடாது.

அடுத்த வாரம் 'பார்த்தல்' பற்றிய சொற்கள் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். முறைப்பதற்கும் எட்டிப் பார்ப்பதற்கும் சேர்த்து 'பார்' என்று போட்டுவிடாதீர்கள்.

— ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, மன்னார்குடி