கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட்கள்: சொல்லப்படாத நடுவழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் இழந்தவர்களுக்கான இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கப்படும் செயற்கைப் பல்வேர்) சிகிச்சை குறித்துத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எல்லாப் பற்களையும் இழந்தவருக்கு வழக்கமான பல்செட், அல்லது பல இம்ப்ளான்ட்களின் மேல் கழற்ற முடியாதபடி பொருத்தப்படும் நிலையான பல்வரிசை என இரண்டே வழிகள் இருப்பதாக அக்கட்டுரை எண்ணவைக்கிறது. இம்ப்ளான்ட்களைப் பிடிமானமாகக் கொண்டு, அணிபவரே கழற்றி மாட்டிக்கொள்ளும் பல்செட் என்றொரு நடுவழியும் உண்டு. முதியவர்களில் பலருக்குப் பொருத்தமானது அதுவே என்பது, பல்செட் செய்து கொடுக்கும் ஆய்வகத்தில் நெடுங்காலமாகப் பணிபுரியும் என் கருத்து.

பல்செட் பற்றிய புகார் என்றால் பெரும்பாலும் அது கீழ்ப் பல்செட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். மேல் பல்செட் அண்ணத்தை மூடி அமர்வதால், எச்சில் படலத்தின் ஒட்டுதலாலும் விளிம்பில் காற்றுப் புகாத அடைப்பாலும் ஓரளவு நிற்கிறது. கீழே அந்த வசதி இல்லை. லாட வடிவிலான ஒரு குறுகிய மேட்டின் மேல், உள்ளே ஓயாமல் அசையும் நாக்குக்கும் வெளியே உதட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் அது தாக்குப்பிடிக்க வேண்டியிருக்கிறது. பல் போன பிறகு அந்த மேடும் கரைந்துகொண்டே போகிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வுகளில், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை எலும்பு ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகத் தேய்ந்தது தெரியவந்தது. பழுது பார்க்க வரும் கீழ்ப் பல்செட்டுகளின் உட்புறத்தில் ஒட்டுப்பசை அடையடையாய்க் காய்ந்திருப்பதையும், உடன் வரும் வாய் அச்சில் மேடு இருக்கவேண்டிய இடம் தட்டையாகிப் பள்ளம் விழுந்திருப்பதையும் நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அந்நிலைக்கு வந்துவிட்ட தாடையில், எத்தனை முறை புதிதாகச் செய்து கொடுத்தாலும் பல்செட் ஆடத்தான் செய்யும்.

இதற்குத் தீர்வாக, கீழ்த்தாடையின் முன்பகுதியில், கோரைப்பற்கள் இருந்த இடத்துக்கு அருகே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டைட்டானியம் இம்ப்ளான்ட்களைப் பதிக்கிறார்கள். அங்கே எலும்பு பொதுவாக அடர்த்தியாக இருக்கிறது. கீழ் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் அதற்குப் பின்னாலேயே வெளியேறிவிடுகிறது. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு வழக்கமான பல்செட்டை இனி முதல் தேர்வாகக் கொள்வது பொருந்தாது, இரண்டு இம்ப்ளான்ட்களின் மேல் அமரும் பல்செட்டே முதல் தேர்வாக இருக்கவேண்டும் என்று அறிவித்தனர். 2009இல் பிரிட்டனில் பல் மருத்துவ வல்லுநர்கள் வெளியிட்ட யார்க் அறிக்கையும் அதையே ஆதரித்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வழி இருப்பதே நோயாளிகளில் பலருக்குத் தெரியவில்லை. 'ஒரே நாளில் நிலையான பற்கள்' என்ற விளம்பரம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நிலையான பல்வரிசையை நான் குறைசொல்லவில்லை. மெல்லும் வலிமையில் அதற்கு இணையில்லை. ஆனால் அதன் அடிப்பகுதியை நாள்தோறும் சுத்தம் செய்ய நூலும் சிறு தூரிகையும் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். கைநடுக்கமும் பார்வைக் குறைவும் உள்ளவர்களுக்கு அது எளிதல்ல. கழற்றக்கூடியதை வெளியே எடுத்து, சோப்பும் தூரிகையும் கொண்டு தேய்த்து, இம்ப்ளான்டின் தலைப்பகுதியையும் துடைத்துவிடலாம். எலும்பு மிகவும் கரைந்து முகம் உள்வாங்கியவர்களுக்கு, பல்செட்டின் ஈறுநிற அக்ரிலிக் விளிம்பு உதட்டைத் தாங்கிக் கொடுக்கிறது என்பது கூடுதல் நன்மை. மேல்தாடையின் கதை வேறு: அங்கே எலும்பு மென்மையானது என்பதால் பொதுவாக நான்கு இம்ப்ளான்ட்களாவது தேவைப்படும்.

நடுவழிக்கும் பராமரிப்பு உண்டு. அதைச் சொல்லாமல் விற்பதும் தவறே. பல்செட்டின் உட்புறத்தில் பதிக்கப்பட்ட உலோகக் குமிழுக்குள் ஒரு சிறு நைலான் வளையம் இருக்கும். 'டக்' என்ற ஒலியோடு இம்ப்ளான்டின் தலையைக் கவ்விப் பிடிப்பது அதுதான். நாளடைவில் தேய்ந்து ஒலியும் பிடியும் தளரும்போது, சில நிமிடங்களில் புதியதை மாற்றிவிடலாம். பின்பகுதியில் ஈறின் மேலேயே பல்செட் அமர்வதால் அங்கே எலும்புத் தேய்வு தொடரக்கூடும். ஆகவே அவ்வப்போது உட்புறத்தை நிரப்பிச் சரிசெய்வதும் தேவை. இவற்றைத் தள்ளிப்போட்டுப் பல்செட்டைக் கடித்து அழுத்தி மாட்டிப் பழகியவர்களின் பல்செட்டுகள், பெரும்பாலும் அந்தக் குமிழ் இருக்கும் இடத்திலேயே விரிசல் விட்டு எங்கள் மேசைக்கு வருகின்றன.

வயது அதிகம் என்பது மட்டும் இச்சிகிச்சைக்குத் தடையாகிவிடாது. கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, புகைப்பழக்கம், தாடையில் பெற்ற கதிர்வீச்சு, எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ தரப்படும் சில மருந்துகள் ஆகியவைதாம் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியவை. எலும்பும் டைட்டானியமும் இணைவதற்குக் கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் காத்திருப்பது தொடக்ககால முறை. இன்று தகுதியானவர்களுக்கு அக்காலம் குறைக்கப்படுகிறது. யாருக்குக் குறைக்கலாம் என்பதை எலும்பின் நிலையைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும், விளம்பரம் அல்ல.

இப்பொருள் குறித்துத் தாங்கள் மீண்டும் கட்டுரை வெளியிடும்போது, கழற்றி மாட்டும் வகையின் படத்தையும், அதன் பராமரிப்பு பற்றிய விளக்கத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எலும்பு முற்றிலும் கரைவதற்கு முன்பே மருத்துவரிடம் இந்த வழியைப் பற்றிக் கேட்க அது வாசகர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
பல் ஆய்வகத் தொழில்நுட்பர் ஒருவர்