இறுகிய டயரும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு பக்கத்தில் அண்ணனின் முட்டி வலி, அடுத்த பக்கத்தில் அதே அண்ணன் தரையில் உட்கார்ந்து பேரனின் இறுகிய சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றத் தேங்காயெண்ணெய் தடவிய கதை. சிரித்து முடிக்க நேரமாயிற்று. "டயர் ஏறிவிட்டது, இப்போது பிரேக் பிடிக்கவில்லை. நீ கெமிஸ்ட்ரி டீச்சர்தானே, வேறென்ன போடலாம் சொல்" என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். எங்கள் வீட்டில் இது வாராவாரம் நடக்கிற பேச்சு. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறி இறங்குகிறாள்.

முதல் வேலை, பையனை அந்த வண்டியில் ஏற விடாதே. அவன் வண்டியில் பிரேக் கட்டை ரிம்மின் பக்கவாட்டைத்தான் கவ்வுகிறது என்று நீ எழுதியதிலிருந்து தெரிகிறது. அங்கே எண்ணெய் பட்டால் எப்படிப் பிடிக்கும்? ரிம்மைப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டுக் கழுவி, காய்ந்தபின் எண்ணெய் கலக்காத ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கச் சொல். பிரேக் ரப்பரை உப்புத்தாளில் லேசாகத் தேய்க்க வேண்டும். எண்ணெய் ஊறியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. உங்கள் ஓசூர் சமதளத்திலேயே இந்தப் பாடு என்றால், இங்கே 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்களை நினைத்துப் பார்.

எண்ணெய் கூடாது என்பதற்குப் பிரேக் மட்டும் காரணமில்லை. எண்ணெய் காயாது. டயர் ரிம்மில் கெட்டியாக உட்காராமல், பிரேக் போடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ட்யூபையும் இழுத்துக்கொண்டு போவதால் வால்வு சாய்ந்து, ஒருநாள் அடியோடு கிழியும். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், கிரீஸ் எல்லாம் ரப்பரை ஊதவைத்து இளக்கவும் செய்யும். ஆமணக்கெண்ணெய் ஒன்றுதான் இயற்கை ரப்பரிடம் அவ்வளவு வம்பு செய்யாது. அந்தக் காலத்தில் கார் பிரேக் ஆயிலையே அதையும் ஆல்கஹாலையும் கலந்துதான் செய்தார்கள். அண்ணன் இதைப் படித்துவிட்டு விளக்கெண்ணெய்ப் பாட்டிலைத் தேடப் போகிறார், தடுத்துவிடு. அதுவும் காயாத எண்ணெய்தான்.

ஈரமாக இருக்கும்வரை வழுக்க வேண்டும், காய்ந்தபின் வழுக்கல் மிஞ்சக்கூடாது. நமக்கு வேண்டியது அவ்வளவுதான். சங்ககிரிப் பக்கம் லாரி டயர் கடைகளில் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைத் தடவுவதைப் பார்த்திருப்பாய். அவ்வளவு பெரிய டயருக்கே அது போதும்.

ஆனால் எங்கள் ஊர் போர் தண்ணீரில் துணி சோப்பைக் கரைத்தால் நுரைக்குப் பதில் திரிதிரியாகத்தான் வரும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காகப் படியும். எத்தனை வருஷம் இதை எட்டாம் வகுப்புக்குச் செய்து காட்டினோம்! அதனால் சோப்பு என்றால் மேட்டூர் குடிதண்ணீர், போர் தண்ணீர் என்றால் பாத்திரம் கழுவும் திரவம். அதில் ஒரு சில சொட்டு போதும். அந்தத் திரவங்கள் பலவற்றில் உப்பு கலந்திருக்கும், அலுமினிய ரிம்முக்கு ஆகாது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது பூந்திக்கொட்டை. இந்தத் தெருவில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? வெள்ளிப் பட்டறைகளில் கொலுசை அந்தத் தண்ணீரில் போட்டுப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். விதையை எடுத்துவிட்டுத் தோலை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, வடிகட்டி, ஆறியபின் டயர் விளிம்பிலும் ரிம்மின் உள்ஓரத்திலும் தடவினால் போதும். அதில் நுரை தரும் சப்போனின் என்ற பொருள் உப்புத் தண்ணீரிலும் திரியாது. மிஞ்சினதை மட்டும் எடுத்து வைக்காதே, கெட்டுப்போய் நாறும்.

அவசரத்துக்கு அதே எண்ணெய் கலக்காத ஸ்பிரிட். சட்டென்று ஆவியாகிவிடுவதால் தடவிய கையோடு டயரை ஏற்ற வேண்டும், பக்கத்தில் சாமி விளக்கு எரியக்கூடாது. கை கழுவும் சானிடைசர் வேண்டாம், பலவற்றில் கிளிசரின் இருக்கும். முகப் பவுடர் ட்யூப் டயரோடு ஒட்டாமல் இருக்க நல்லது, ஆனால் இறுகிய விளிம்பை ஏற்ற அது பெரிதாக உதவாது. எதிர்வீட்டு அம்மா ஜவ்வரிசிக் கஞ்சி தடவச் சொன்னார். ஜவ்வரிசி ஊரில் இதைச் சொல்லாமல் இருப்பார்களா! காய்ந்தால் பசை, அடுத்த பஞ்சருக்கு டயரைக் கழற்ற ஆள் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. எதைத் தடவினாலும், செய்யும் விதம் தப்பாக இருந்தால் டயர் ஏறாது. டயர் விளிம்புக்குள் இருக்கும் கம்பி நீளாது, எவ்வளவு இழுத்தாலும். நம் அப்பாக்கள் ஓட்டிய பழைய வண்டிக்கு வெறும் கையே போதும். இப்போதைய ரிம், அதிலும் ட்யூப் இல்லாமல் ஓடுகிற வகைக்கென்று செய்தது, இறுக்கமாகவே இருக்கும். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது பார், அங்கே விட்டம் குறைவு. ஏற்றி முடித்த பகுதியைச் சுற்றிலும் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கினால், எதிர்ப்பக்கத்தில் தேவையான தளர்வு கிடைக்கும். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் ட்யூப் தடிப்பு பள்ளத்தை அடைத்துக்கொள்ளும், அதனால் அங்கே தொடங்கினால் கடைசிச் சாண் ஏறவே ஏறாது. முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விடச் சொல். கையால் ஏறாவிட்டால்தான் டயரை நெம்பும் லீவரைத் தொட வேண்டும். அது ட்யூபைக் கடித்தால் புது ட்யூபும் பஞ்சர்.

காற்றடித்தபின் விளிம்பு சுற்றிலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறதா பார்க்கணும். ஈரம் காயும்வரை வண்டியை எடுக்கக்கூடாது. சேலத்து வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், பனி இறங்கும் ஏற்காட்டில் நேரம் பிடிக்கும்.

மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். இவர் மாடித் தோட்டத்தில் கத்தரி போட்டிருக்கிறார், பாதி அணிலுக்கு. அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன் தேதி முடிவானதும் உடனே எழுது, துணைக்கு நான் வந்து இருக்கிறேன். நீங்கள் இங்கே வருவதென்றால் மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் வேண்டாம், மலைப்பாதை முழுக்க வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். அது முடிந்தபின் வாருங்கள், மாம்பழமும் அப்போது இருக்கும். பேரன் சைக்கிளோடு வந்தால் மகள் மலைக்கு அழைத்துப் போகிறேன் என்கிறாள், பிரேக்கைப் பார்த்துவிட்டு.

அன்புடன்,
மல்லிகா