பாடக்குறிப்பு அனுப்பும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களே, பள்ளி நிர்வாகிகளே,

வணக்கம். போன பருவத்தில் என் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் இருந்தான். நான் அனுப்பிய 12 பக்கப் பாடக்குறிப்பைத் திறந்தான். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் 'வெற்று ஆவணம்' என்றது. மூடித் திறந்தான், மறுபடியும் அதேதான். ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, "சார், காலியா அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டான்.

அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கியிருந்தேன். என் கண்ணுக்கு அது எழுத்து, மென்பொருளுக்கோ வெறும் படம்.

கருவியில் குறையில்லை. அவன் பயன்படுத்தியது என்விடிஏ என்ற திரைவாசிப்பான்; இலவச மென்பொருள். 2006இல் அதை எழுதத் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். குறை என் கோப்பில் இருந்தது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் சாய்ந்த பக்கம், கையெழுத்து, கணிதச் சூத்திரம் என்று வந்தால் சொதப்பிவிடும்.

ஆகவே தட்டச்சு செய்து அனுப்புங்கள். தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல், தட்டச்சு மென்பொருளில் உள்ள தலைப்புக்கான பாணியை (Heading) தேர்ந்தெடுங்கள். ஒரு விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுவான். படத்துக்கு ஒரு வரி விளக்கம் போதும். வாசிப்பதில் சிரமப்படும் பிள்ளையும் அதே கோப்பைப் பெரிதாக்கியோ காதால் கேட்டோ படித்துக்கொள்ளும்.

செவித்திறன் குறைந்த பிள்ளைக்காக நாம் மாட்டிக்கொள்ளும் மைக்கும் இப்படித்தான். நம் குரல் மட்டுமே அதன் வழியாகப் பிள்ளையின் காதுக்கருவிக்குப் போகும். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்கும் கேள்வி போகாது. அதை நாம் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம், வகுப்பு முடிந்ததும் அணைக்க மறக்காதீர்கள். ஆசிரியர் அறைக் கதையெல்லாம் அந்தப் பிள்ளையின் காதுக்குப் போய்ச் சேரும்!

நிர்வாகிகளிடம் ஒன்றே ஒன்று. ஆண்டு முழுக்க ஒரு கருவியோடு படித்த பிள்ளையிடமிருந்து தேர்வு நாளில் அதைப் பிடுங்காதீர்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேர்வு எழுது என்று யாரிடமாவது சொல்வோமா?

அந்த 12 பக்கங்களையும் இரண்டு மாலை உட்கார்ந்து நானே தட்டச்சு செய்து அனுப்பினேன். மறுநாள் வந்தான். நாலு எழுத்துப்பிழை சொன்னான்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்